பழைய போனில் திறக்கும் திரை, புதிய போனில் ஏன் ஆப்பையே மூடுகிறது?

கேள்வி: நான் எழுதும் ஆப்பில், ரீசைக்ளர்வியூ (நீண்ட பட்டியலைக் காட்டும் கூறு) பட்டியலில் ஒரு பொருளைத் தொட்டால் அதன் விவரத் திரை திறக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 8 போனில் திறக்கிறது. ஆண்ட்ராய்டு 13-இல் தொட்டதும் ஆப் மூடிக்கொள்கிறது. இரண்டிலும் நிரல் ஒன்றுதான். எங்கே தவறு?

பதில்: முதலில் லாக்கேட்டைப் (ஆப்பின் பிழைச் செய்திகள் வரும் பதிவு) பாருங்கள். ஆக்டிவிட்டிக்கு (ஆப்பின் ஒரு திரை) வெளியிலிருந்து ஸ்டார்ட்ஆக்டிவிட்டியை (திரையைத் திறக்கும் கட்டளை) அழைக்க நியூ டாஸ்க் ஃபிளாக் (தனி அடுக்கில் திற என்னும் குறி) தேவை என்று அதில் வந்திருந்தால், அடாப்டருக்கு (பட்டியலில் பொருள்களை நிரப்பும் பகுதி) நீங்கள் கொடுத்திருப்பது அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட், அதாவது எந்தத் திரையையும் சேராத, ஆப் முழுவதற்குமான கான்டெக்ஸ்ட். ஆக்டிவிட்டியிலிருந்து அழைத்தால், அது இருக்கும் திரை அடுக்கின் (டாஸ்க்) மேலேயே புதிய திரை வந்து உட்காரும். அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட்டுக்கு அப்படியொரு அடுக்கே கிடையாது. இந்த விதி புதிதல்ல. ஆண்ட்ராய்டு 7-இல் நுழைந்த ஒரு பிழையால் இந்தச் சோதனை விடுபட்டுப்போனது; 9-இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். அதனால்தான் உங்கள் பழைய போன் தவறைக் கண்டுகொள்ளவில்லை.

நியூ டாஸ்க் ஃபிளாகைச் சேர்த்தால் கிராஷ் நின்றுவிடும். இணையத்தில் பலரும் சொல்லும் வழி அதுதான், ஆனால் இந்த இடத்தில் அதைச் செய்யாதீர்கள். நாளை அந்தத் திரையிலிருந்து ஒரு முடிவைத் (ரிசல்ட்) திரும்பப் பெற வேண்டிவந்தால் அந்த ஃபிளாகோடு முடியாது. சரியான வழி, திரையைத் திறக்கும் வேலையை அடாப்டரிடமிருந்து எடுத்துவிடுவது. அடாப்டரின் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு லாம்டாவை (பெயரில்லாத சிறு ஃபங்க்‌ஷன்) வாங்குங்கள். தொட்டதும் பொருளின் ஐடியை மட்டும் அது ஆக்டிவிட்டிக்குச் சொல்லட்டும். இன்டென்ட்டை (எந்தத் திரையைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் கோரிக்கை) உருவாக்குவது, புட்எக்ஸ்ட்ராவால் அதில் கூடுதல் தகவலாக ஐடியை வைப்பது, ஸ்டார்ட்ஆக்டிவிட்டியை அழைப்பது எல்லாம் ஆக்டிவிட்டியிலேயே நடக்கட்டும்.

ஐடி மட்டும் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எக்ஸ்ட்ராவில் போவதெல்லாம் பைண்டர் (ப்ராசஸ்களுக்கு இடையே தகவல் கடத்தும் ஆண்ட்ராய்டின் அமைப்பு) வழியாகப் போகிறது. அதன் பஃபர் சுமார் 1 எம்பிதான். அதையும் அந்த நேரத்தில் உங்கள் ப்ராசஸில் நடக்கும் மற்றப் பரிமாற்றங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. பிட்மேப்பை வைத்தால் சின்னப் படத்துக்கு ஓடும், பெரிய படத்துக்கு டிரான்சாக்‌ஷன் டூ லார்ஜ் என்று விழும். விவரத் திரை ஐடியை வைத்துத் தரவுத்தளத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளட்டும்.

வேகமாக இருமுறை தொட்டால் ஒரே திரை இரண்டு முறை திறக்கும். இன்டென்ட்டில் சிங்கிள் டாப் ஃபிளாகைச் சேருங்கள். திரை ஏற்கெனவே மேலே இருந்தால் புதிதாக ஒன்று உருவாகாது, ஆன்நியூஇன்டென்ட் மட்டும் அழைக்கப்படும்.

லாக்கேட்டில் ஆக்டிவிட்டி நாட் ஃபவுண்ட் என்று வந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் காரணமல்ல. மேனிஃபெஸ்ட்டில் (ஆப்பின் திரைகளை அறிவிக்கும் கோப்பு) அந்த ஆக்டிவிட்டியைச் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.