அடக்கி வாசிக்கிறவர்களை எப்படிக் கேட்பது?

கேள்வி: சில வருடங்களாக பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டு, நண்பர்களோடு ஒரு சின்னக் குழுவில் வாசித்து வருகிறேன். எனக்குப் பிடித்த பேஸிஸ்ட்டுகள் எல்லாரும் நாலைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே பாட்டை நடத்திக்கொண்டு போகிறவர்கள். நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினால், "இதில் என்ன இருக்கிறது? யார் வேண்டுமானாலும் வாசிக்கலாமே" என்கிறார்கள். பதிலுக்கு, கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசிக்கும் ஸ்லாப் வீடியோக்களை அனுப்புகிறார்கள். குழுவிலும் "ஏதாவது சேர்த்து வாசி" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். என் ரசனைதான் மட்டமா? எளிமையான பேஸில் எதை ரசிக்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. வேறு யாரையெல்லாம் கேட்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் ரசனை நன்றாகவே இருக்கிறது. காதுக்குப் பிடிபட்டது இன்னும் வாய்க்கு வரவில்லை, அவ்வளவுதான்.

"யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்" என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். ஸ்வரங்களை மட்டும் எண்ணினால் நண்பர்கள் சொல்வது சரி. யூ டூ குழுவின் 'வித் ஆர் விதவுட் யூ' (1987) பாட்டில் ஆடம் க்ளேட்டன் வாசிப்பது டி, ஏ, பி, ஜி என்ற நான்கே ஸ்வரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று), ஒரு பாருக்கு எட்டு முறை தந்தியைத் தட்டுவது, ஏறக்குறைய பாட்டு முழுக்க இதேதான். பேஸ் கிட்டாரை நேற்று வாங்கியவர்கூட இன்று மாலைக்குள் அந்த இடங்களைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் பாட்டை ஓடவிட்டு, கூடவே கடைசிவரை வாசித்துப் பாருங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே விரல் எதையாவது செய்யத் துடிக்கும். குரல் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் கை தானாக வேகம் எடுக்கும், அழுத்தமும் கூடும். க்ளேட்டன் அசைவதில்லை. குரலும் கிட்டாரும் ட்ரம்ஸும் ஒவ்வொன்றாக மேலே ஏறுவது அவ்வளவு பெரிய ஏற்றமாகத் தெரிவதே, கீழே ஒருவர் இருந்த இடத்திலேயே இருப்பதால்தான்.

எளிமையான பேஸில் நீங்கள் ரசிப்பதற்கு ஒரு காரணத்தை என்னால் தைரியமாக ஊகிக்க முடியும். அது ஸ்வரம் முடியும் இடம். நாம் பொதுவாக ஒரு ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் கவனிக்கிறோம். பேஸ் தந்தியைத் தட்டிவிட்டால் அது பல நொடிகள் ஒலித்துக்கொண்டே இருக்கும். எப்போது நிறுத்துவது என்பது வாசிப்பவர் முடிவு. இடக்கை விரலை லேசாகத் தளர்த்தினால் ஒலி அடங்கும். வலது உள்ளங்கையின் ஓரத்தை, தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் வைத்தால் இன்னொரு விதமாக அடங்கும். தந்திகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. ட்ரம்ஸில் 'டப்' என்று கேட்கும் ஸ்னேர் விழும் கணத்துக்குச் சற்று முன்னால் பேஸ் நின்றுவிட்டால் ஸ்னேர் பளீரென்று கேட்கும், பாட்டுக்கு ஒரு துள்ளல் வரும். ஸ்னேரைத் தாண்டியும் பேஸ் நீண்டால் அதே பாட்டு கனத்துப்போய் நிதானமாக உட்காரும். ஸ்வரம் ஒன்றுகூட மாறியிருக்காது, ஆனால் ஆடுகிறவர் கால் வைக்கும் விதமே மாறிவிடும். க்ரூவ் என்று நாம் சொல்வதில் பாதி இந்த நீளக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

இதற்குக் காதைப் பழக்க டொனால்ட் 'டக்' டன்னிடம் போங்கள். 1960களில் மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் பதிவான சோல் பாட்டுகளில் ஏராளமானவற்றுக்கு அவர்தான் பேஸ். ஓட்டிஸ் ரெடிங், சாம் அண்ட் டேவ் போன்றவர்களின் பாட்டுகளில் அவரையும் ட்ரம்மர் அல் ஜாக்சன் ஜூனியரையும் இரண்டு ஆட்களாகப் பிரிக்காமல் ஒரே வாத்தியமாகக் கேளுங்கள். டன்னாவது ஓரளவு பெயர் வாங்கினார். புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் குழுவின் 'க்ரீன் ஆனியன்ஸ்' (1962) உலகம் முழுக்கத் தெரிந்த இசை. பின்னாளில் டன் அந்தக் குழுவில் நெடுங்காலம் இருந்ததால், அந்த பேஸும் அவருடையது என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை வாசித்தவர் லூயி ஸ்டைன்பர்க். ஆர்கனோடு ஒட்டிக்கொண்டு, கொஞ்சமும் அவசரப்படாமல் நடக்கும் அந்த வரியைப் பல கோடிப் பேர் கேட்டிருப்பார்கள். அவர் பெயரைச் சொல்லச் சொன்னால் எத்தனை பேர் சொல்வார்கள்?

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தவர் லெராய் ஹாட்ஜஸ். இவரும் மெம்ஃபிஸ்காரர்தான். 1970களின் தொடக்கத்தில் தயாரிப்பாளர் வில்லி மிட்செலின் மேற்பார்வையில் அல் க்ரீன் பாடிய பாட்டுகளில் பேஸ் இவர், கிட்டாரும் ஆர்கனும் இவருடைய சகோதரர்கள். அல் க்ரீன் பல இடங்களில் பாடுவதே இல்லை, காதோரம் வந்து முணுமுணுக்கிறார். மூச்சு விடுவதுகூடக் கேட்கும். அப்படிப்பட்ட குரலுக்குக் கீழே ஒரே ஒரு ஸ்வரம் கூடிப்போனாலும் பேச்சில் குறுக்கிட்டதுபோல ஆகிவிடும். ஹாட்ஜஸ் அந்தக் குரலுக்கு இடம் விட்டு, தொடக்கம் மழுங்கிய உருண்டையான ஒலியில், ட்ரம்ஸுக்கு ஒரு மயிரிழை பின்னால் சாய்ந்துகொண்டு வாசிக்கிறார். 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' பாட்டைக் குரலை மறந்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். மெட்டை அல்ல, பேஸை வாய்க்குள் பாடிக்கொண்டே கேட்க வேண்டும். உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அந்த ஒரு பாட்டிலேயே கிடைத்துவிடும்.

அப்புறம், வாசிக்காமல் விடுவது. பாப் மார்லியோடு வாசித்த ஆஸ்டன் 'ஃபேமிலி மேன்' பேரட் 2024இல் காலமானார். ட்ரம்ஸில் அவருடைய தம்பி கார்ல்டன். ரெகேயின் 'ஒன் டிராப்' தாளத்தில், ஒரு பாரின் நான்கு தட்டுகளில் முதல் தட்டு காலியாக இருக்கும், காலால் மிதித்து அடிக்கும் கிக் ட்ரம் மூன்றாவதில்தான் விழும். பேரட்டும் பல பாட்டுகளில் அந்த முதல் தட்டைக் காலியாக விட்டுவிட்டு உள்ளே வருவார். காலி இடத்தில் நம் உடம்பு தானாக ஒரு அடி எடுத்து வைக்கிறது. ராக் பக்கம் போனால் ஏ.சி.டி.சி குழுவின் க்ளிஃப் வில்லியம்ஸ். 'ஹைவே டு ஹெல்' (1979) பாட்டின் சரணங்களில் பேஸே கிடையாது. கிட்டாரும் ட்ரம்ஸும் மட்டும். பல்லவிக்குள் பேஸ் நுழையும்போது பாட்டு ஒரு சுற்றுப் பெரிதாகிறது. அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்கு ஒரு பேஸிஸ்ட்டுக்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் நண்பர்களுக்கு இதெல்லாம் கேட்காமல் போவதற்கு ஒரு எளிய காரணமும் இருக்கலாம். அவர்கள் எதில் கேட்கிறார்கள்? பேஸின் தடித்த தந்தி, அதாவது கீழ் ஈ, நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் அந்த ஆழத்தை எழுப்பவே முடியாது. அதற்கு மேலே உள்ள கிளை ஒலிகள் மட்டும் வெளியே வரும், மீதியை மூளை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஸ்லாப்பில் கட்டைவிரல் தந்தியை அடிக்கும் 'டக்', விரல் இழுத்துவிடும் 'பட்' இரண்டுமே உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் எவ்வளவு சின்ன ஸ்பீக்கரிலும் தெளிவாகக் கேட்கும். ஆகவே போன் வீடியோவில் ஸ்லாப் ஜெயிக்கும், லெராய் ஹாட்ஜஸ் காணாமல் போவார். விவாதத்துக்கு முன்னால் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை நண்பர் தலையில் மாட்டிவிடுங்கள்.

இன்னொரு காரணம் வருத்தமானது. பதிவுக் கூடங்களில் வாசித்தவர்கள் பெயரை அந்தக் காலத்து பாப், சோல் இசைத்தட்டுகளில் பெரும்பாலும் அச்சிட மாட்டார்கள். மோட்டவுன் நிறுவனத்தின் ஆஸ்தான பேஸிஸ்ட் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960கள் முழுக்க எத்தனையோ வெற்றிப் பாட்டுகளில் வாசித்தும், 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரும்வரை கேட்பவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. ஜேமர்சனை எளிமையானவர் என்று சொல்ல முடியாது. நிறையவே வாசிப்பார், அதுவும் வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு. ஆனால் அத்தனை ஸ்வரங்களுக்கு நடுவிலும் பாடகர் வழியில் அவர் வரவே மாட்டார். அதனால் ஸ்வரங்களின் எண்ணிக்கையை வைத்து நீங்களும் யாரையும் அளக்காதீர்கள். குறைவாக வாசிக்கிறவர்கள் எல்லாரும் ரசனையோடு வாசிக்கிறார்கள் என்றும் இல்லை. பாட்டைக் கவனிக்காமல், வேறு எதுவும் தெரியாததால் கார்டின் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) அடிப்படையான ரூட் ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது கேட்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஸ்லாப்பையும் வெறுக்க வேண்டாம். அந்த முறையைப் பரப்பிய முன்னோடி லாரி கிரஹாம். ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழுவில் இருந்தபோது, 1968இல் வெளிவந்த 'எவ்ரிடே பீப்பிள்' பாட்டுக்கு அவர் என்ன வாசித்தார் தெரியுமா? ஒரே ஒரு ஸ்வரம். பாட்டு முழுக்க ஜி மட்டும். மேலே கார்டுகள் மாறிக்கொண்டிருக்கும், பேஸ் மாறாது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு அது. நண்பர்கள் அடுத்த வீடியோவை அனுப்பும்போது இதை அனுப்பிவையுங்கள். வாதாடுவதற்காக அல்ல, அவர்களுக்கும் இது பிடிக்கும் என்பதற்காக.

சரி, உங்கள் குழு. "ஏதாவது சேர்த்து வாசி" என்று யாராவது சொன்னால், பாட்டில் ஏதோ குறைகிறது என்று அர்த்தம். குறைவது பேஸில்தானா என்பதை முதலில் பாருங்கள். கீபோர்டு வாசிப்பவரின் இடக்கை உங்கள் இடத்திலேயே உலாவிக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் என்ன வாசித்தாலும் சேறாகத்தான் கேட்கும். ஒரு பாட்டுக்கு மட்டும் அவரைக் கீழ் ஸ்தாயியை விட்டுவிடச் சொல்லிப் பதிவு செய்து, எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். பாதி புகார் அங்கேயே தீர்ந்துவிடலாம்.

சேர்க்கத்தான் வேண்டும் என்றால் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்துச் சேருங்கள். ஸ்டேப்பிள் சிங்கர்ஸின் 'ஐ'ல் டேக் யூ தேர்' (1972) இதற்கு நல்ல பாடம். அலபாமா மாநிலத்து மசில் ஷோல்ஸில் பதிவானது, பேஸ் டேவிட் ஹுட். பாட்டு முழுக்க இரண்டே கார்டுகள். ஹுட் அதன் மேல் ஒரு சின்ன வரியைச் சுழலவிட்டுக்கொண்டே இருக்கிறார். நடுவில் குரல் ஒதுங்கி வழிவிடும்போது அதுவரை அடங்கியிருந்த பேஸ் முன்னால் வந்து பாடுகிறது. வித்தை எதுவும் இல்லை, முணுமுணுக்கக்கூடிய மெட்டுதான். அதுவரை அவர் காத்திருந்ததால் அந்தச் சில பார்களுக்கு அவ்வளவு மதிப்பு. உங்கள் பாட்டிலும் பாடகர் மூச்சு எடுக்கும் ஒரு இடம் இருக்கும். அங்கே ஒரு சின்ன ஃபில், அதாவது இடைவெளியை நிரப்பும் சில ஸ்வரங்கள், போடுங்கள். அடுத்த சரணத்தில் அதே இடம் வரும்போது போடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ட்ரம்மரோடு பேச வேண்டும். பெரும்பாலான குழுக்களில் பேஸிஸ்ட்டும் ட்ரம்மரும் தனியாக உட்காருவதே இல்லை. அடுத்த ஒத்திகைக்கு அவரை அரைமணி நேரம் முன்னதாக வரச் சொல்லுங்கள். சிம்பலும் டாமும் வேண்டாம், கிக்கும் ஸ்னேரும் ஹை-ஹாட்டும் போதும். ஒரே பாட்டை வழக்கத்தைவிட மெதுவாக எடுத்துக்கொண்டு, முதலில் ஸ்னேருக்கு முன்னால் ஸ்வரத்தை நிறுத்தி ஒரு சுற்று, அப்புறம் ஸ்னேரைத் தாண்டி நீட்டி ஒரு சுற்று வாசியுங்கள். இரண்டையும் பதிவு செய்து, எது அந்தப் பாட்டுக்குப் பொருந்துகிறது என்று அவரிடமே கேளுங்கள்.