மேடை தேடும் பாட்டு

கேள்வி: நாங்களே மெட்டமைத்துப் பாடும் பாடல்களுக்கு ஊரில் மேடையில்லை, பெங்களூருக்குத்தான் போக வேண்டுமா? (ஒரு வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: போய் வாருங்கள், தவறில்லை. ஆனால், கட்டணச் சீட்டோ அரங்கமோ இல்லாமலே ஊரை விடிய விடிய உட்கார வைக்கும் கலை உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில், பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாக நாள்கணக்கில் நடக்கும் விழா, மண்ணால் தரையில் கிடத்திய துரியோதனன் உருவத்தின்முன் நடக்கும் படுகளத்தில், அதாவது துரியோதனன் வீழும் காட்சியில், உச்சத்தை எட்டுகிறது. கண்ணாடிச் சில்லு பதித்த மரப் புஜக்கட்டைகளை (தோள் அணிகளை) சுமந்தபடி உச்சக்குரலில் பாடுகிறவருக்கு, பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடி மூச்சுவிட இடம் தருவதைக் கவனியுங்கள். ஒலிபெருக்கியை நம்பியே பாடப் பழகிய நமக்கு (என்னையும் சேர்த்துத்தான்) அது பெரிய பாடம். கூத்து தொடங்குமுன் அரை மணி நேரம் கிடைக்குமா என்று விழாக் குழுவினரிடம் கேட்டுப் பாருங்கள்.