ஸ்டாட்டின் மாத்திரையும் தொடை வலியும்

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. சாப்பிடும் அப்பாவுக்கு, இருமலுக்காக கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கியதிலிருந்து தொடைகளில் வலி, படியேற முடியவில்லை என்கிறீர்கள். வயதுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள், ஐயா. அந்த ஆன்டிபயாடிக், ஸ்டாட்டினைக் கல்லீரல் சிதைப்பதைத் தடுக்கிறது. மாத்திரை அதே 40தான். ரத்தத்தில் சேருவதோ பல மடங்கு. எழுதிக் கொடுத்தவர் பழைய மருந்துச் சீட்டைக் கேட்டிருக்க வேண்டும்!

இன்றே டாக்டரிடம் இரண்டு சீட்டுகளையும் காட்டி, தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஆன்டிபயாடிக் முடியும்வரை ஸ்டாட்டினை நிறுத்திவைக்கச் சொல்லக்கூடும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலை அது, அரிதுதான். ஆனால் உறவினர் பேச்சைக் கேட்டு ஒரேயடியாக ஸ்டாட்டினைக் கைவிடாதீர்கள். அடைப்பு மறுபடி வரும் அபாயம் கூடும். வலி அடங்கியபின் அளவைக் குறைத்தோ, ரோசுவாஸ்டாட்டின் என்ற வேறொரு ஸ்டாட்டினுக்கு மாற்றியோ தரக்கூடும்.