ஃபயர் அலாரம் சேக்குற ஆசை எப்படி வருது?

ஃபயர் அலாரத்தப் போயி யாராவது சேத்து வைப்பாவளா, அந்த ஆசை எப்படி வரும்னு கேட்டிருக்கிய. வைப்பாவ, அமெரிக்காவுல நெறைய பேரு உண்டு. அங்க பல பேருக்கு இது பள்ளிக்கூடத்துலயே ஆரம்பிச்சிரும், தீப்பிடிச்சா எப்படி வெளிய ஓடணும்னு ஒத்திகை பாக்குற டிரில் அன்னைக்கு அலாரம் திடீர்னு அலறி வெள்ள லைட்டு வெட்டி வெட்டி அடிக்கும்லா, சின்னப்பிள்ளைல பயந்து காதப் பொத்துனவனே இது எப்படி அடிக்குதுன்னு தேடப் போயி அதுலயே விழுந்திருவான். பெறவு சத்தத்த மட்டும் கேட்டே இது சிம்ப்ளெக்ஸ், இது வீலாக்னு அலாரம் கம்பெனி பேரச் சொல்ற அளவுக்கு வந்திருவாவ, எனக்கு அதுதான் பெரிய வித்தையாத் தெரியுது.

நம்ம பக்கமும் இதுக்கு வழியிருக்கு. திருநெல்வேலி வண்ணார்பேட்டைல பெரிய ஜவுளிக்கடைக்குப் போனா மாடிப்படி பக்கத்துல பாருங்க, கண்ணாடி வச்ச செவப்புப் பெட்டி இருக்கும். அந்தக் கண்ணாடிதான் உள்ள இருக்குற ஸ்விட்ச அமுக்கிப் பிடிச்சிட்டு இருக்கு, ஒடைச்சா ஸ்விட்ச் வெளிய வந்து அலாரம் அடிச்சிரும், அம்புட்டுதான் சூட்சுமம், எவ்வளவு அழகான யோசனை பாருங்க!

சேக்கணும்னா பழைய கட்டடம் இடிக்கையில இரும்புக் கடைல சொல்லி வைங்க, சுவத்துல மாட்டியிருக்குறதுல மட்டும் கை வச்சிராதிய, அது உசுரு விசயம். புகையக் கண்டுபிடிக்குற பழைய ஸ்மோக் டிடெக்டர் சிலதுல அமெரிசியம்-241னு கதிரியக்கப் பொருள் இருக்கும், அதப் பிரிக்கவே கூடாது. சத்தம் போடுற ஹூட்டர் பெரும்பாலும் 24 வோல்ட் டிசி, வீட்டுக் கரண்டுல நேராக் குடுத்தா போச்சு, அடிச்சுப் பாக்கணும்னா 12 வோல்ட் பேட்டரி ரெண்ட சீரீஸ்ல, அதாவது ஒண்ணோட பிளஸ்ஸ இன்னொண்ணோட மைனஸ்ல இணைச்சுக் குடுங்க.