ரீல் சீட்டை வெட்டும் முன் ரீலை நகர்த்திப் பாருங்கள்

கேள்வி: வில்லால் மீன் பிடிக்க, அம்பில் கட்டிய கயிற்றைச் சுற்றும் ரீலை வில்லில் தாங்கும் அலுமினிய ரீல் சீட் ஒன்று வாங்கினேன். அதில் ரீல் ரொம்ப முன்னால் நிற்கிறது. கயிற்றை விடுவிக்கும் பொத்தானுக்கு விரல் எட்டவில்லை, வில்லும் முன்பக்கம் சாய்கிறது. வீட்டிலேயே ஹேக்ஸாவால் வெட்டிக் குறைக்கலாமா?

பதில்: தாராளமாகக் குறைக்கலாம். ஆனால் முன்முனையை வெட்டினால் எடைதான் கொஞ்சம் குறையும், பொத்தான் கிட்டே வராது. ரீலே பின்னால் நகர வேண்டும். அதனால் முதலில் ரீலுக்குப் புது இடம் பார்த்துத் துளை போடுங்கள், வெட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக இருக்கும்போது சீட்டின் பட்டையை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடிப்பதும் சுலபம்.

வில்லில் திருகும் மரைமுனையை மட்டும் தொடவே வேண்டாம். பெரும்பாலான வில்களில் அது 5/16 அங்குல மரை, அங்குலத்துக்கு 24 சுற்று. அதை வெட்டிவிட்டு, கிட்டத்தட்ட அதே பருமன்தானே என்று சாதாரண எம்8 (8 மி.மீ.) போல்ட்டை முறுக்கினால் சீக்கிரமே இறுகிவிடும். மேலும் பலம் கொடுத்தால் வில்லின் உள்மரை சிதையும். சீட் போனால் வேறு வாங்கலாம், வில்லின் மரை போனால் பெரிய செலவு.

இடம் பார்ப்பது இப்படி. அம்பு இல்லாமல் வில்லை வழக்கம்போலப் பிடியுங்கள். ரீலை சீட்டின்மேல் டேப்பால் கட்டி, பிடியை மாற்றாமலே விரல் பொத்தானில் படும்வரை பின்னால் தள்ளுங்கள். பிறகு ரீலின் கைப்பிடியை முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். வில்லிலோ விரல் முட்டியிலோ இடித்தால் சற்று முன்னால் கொண்டுபோங்கள். சரியான இடம் கிடைத்ததும் ரீல் பாதத்தின் (சீட்டில் உட்காரும் அடிப்பகுதி) இரு முனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி சீட்டை வில்லிலிருந்து கழற்றி, இருபுறமும் மரத்துண்டு வைத்து வைஸில் இறுக்குங்கள். சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் தட்டிப் புள்ளி வைத்து, முதலில் 3 மி.மீ. துளை, அப்புறம் முழு அளவு. துளையின் நடுவிலிருந்து வெட்டுமுனை வரை, போல்ட் விட்டத்தைப்போல இரண்டு மடங்காவது உலோகம் மிஞ்ச வேண்டும். இந்த நிலையில் ரீலை மாட்டிப் பாருங்கள். சாய்வு போய்விட்டால் வெட்டவே தேவையில்லை.

வெட்டுவதானால், கெட்டிப் பட்டைக்கு அங்குலத்துக்கு 18 அல்லது 24 பல், மெல்லிய குழாய்க்கு 32 பல் பிளேடு எடுங்கள். கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டால் பல்லில் அலுமினியம் அப்பாது. சாதாரண கிரைண்டர் கல்லில் அலுமினியத்தைத் தேய்க்காதீர்கள். கல்லில் அது அப்பிச் சூடேறி, கல்லே உடைந்து தெறிக்கலாம். அரம்தான் நல்லது. அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் தூள் சிக்காது. முடித்ததும் கொஞ்சம் பருத்திப் பஞ்சை விளிம்பு முழுக்க ஓட்டுங்கள். நார் எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது, கயிற்றை அறுப்பது அதுதான். உப்புத்தாளால் வழவழப்பாக்குங்கள்.

உப்புநீரில் பயன்படுத்துவீர்கள் என்றால் வெட்டிய முகத்தில் பெயின்ட் அடித்து, எவர்சில்வர் போல்ட்டுக்கு கிரீஸ் தடவி மாட்டுங்கள். இல்லையென்றால் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போகும். அதிர்வில் கழலாத நைலான் நட் போடுங்கள்.

ரீல் இடம் மாறியதால் கயிற்றின் பாதையும் மாறியிருக்கும். கயிறு நாணில் சிக்கினால், விட்ட அம்பு உங்களை நோக்கியே திரும்பி வரலாம். அதனால் அம்பைப் பூட்டி, ஆள் இல்லாத திசையில் மெதுவாக இழுங்கள். ஒருவர் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் நின்று, கயிறு எங்குமே நாணைத் தொடவில்லை என்று பார்க்கட்டும். அம்பை விடாமல் நாணை மெல்லத் தளர்த்துங்கள்.