போலட்ஸ்க் யாருடைய ஊர்?

கேள்வி: பெலாரூஸில் உள்ள போலட்ஸ்க் நகரம் 862-ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே வருகிறது. அப்படியானால் அது ஆதியிலிருந்தே ரஷ்ய ஊர்தானே? நடுவில் ஆண்ட லிதுவேனியர்களும் போலந்துக்காரர்களும் ஆக்கிரமிப்பாளர்கள்தானே?

பதில்: இல்லை. கீவைத் தலைநகராகக் கொண்ட 'ரூஸ்' என்ற பழைய நாடு வேறு, ரஷ்யா வேறு. நீங்கள் சொல்லும் குறிப்பு கீவ் நகரத்தில் தொகுக்கப்பட்ட நாளாகமத்தில் இருக்கிறது. மாஸ்கோவின் பெயர் ஏட்டில் ஏறுவதே 1147-இல்தான்.

சரி, கீவுக்காவது இந்த ஊர் அடங்கி இருந்ததா? 980 வாக்கில், கீவ் அரியணையைப் பிடித்த விளாதிமிர், போலட்ஸ்க் அரசன் ரோக்வோலோதைக் கொன்று, தன்னை மணக்க மறுத்த அவன் மகள் ரோக்னேதாவைப் பலவந்தமாகக் கொண்டுபோனான். அவள் வயிற்றில் பிறந்த வம்சம்தான் பிறகு போலட்ஸ்கைத் தனியாக ஆண்டது. அவளுடைய கொள்ளுப்பேரன் வ்செஸ்லாவ் கீவோடு போரிட்டான். ரூஸின் வடக்கு நகரமான நோவ்கொரோதைச் சூறையாடி அதன் சோஃபியா தேவாலய மணிகளையே கழற்றி வந்தான். கீவிலும் நோவ்கொரோதிலும் இருந்ததுபோல் போலட்ஸ்கிலும் ஒரு சோஃபியா தேவாலயம் எழுந்தது அந்த 11-ஆம் நூற்றாண்டில்தான்.

1307-இல் ஊர் லிதுவேனியா வசமானது. ஆனால் ஊர்க்காரர்களின் ஸ்லாவிய மொழியில்தான் லிதுவேனிய அரசு தன் ஆவணங்களை எழுதியது. 1498-இல் நகரத்துக்குத் தன்னாட்சி உரிமையும் கிடைத்தது. இங்கே பிறந்த வணிகர் மகன் ஃபிரான்சிஸ்க் ஸ்கரீனா 1517-இல் பிராகாவில் பைபிளின் சங்கீதப் புத்தகத்தை அச்சிட்டார். இதையா ஆக்கிரமிப்புக் காலம் என்கிறீர்கள்?

அந்தச் சொல்லை 1563-க்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மாஸ்கோவின் நான்காம் இவான் ஊரைப் பிடித்தான். மதம் மாற மறுத்த யூதர்களை ஆற்றில் மூழ்கடித்தார்கள். ஆயிரக்கணக்கானோரைச் சிறைபிடித்து மாஸ்கோ நாட்டுக்கு ஓட்டிச் சென்றார்கள். 1579-இல், லிதுவேனியாவோடு இணைந்திருந்த போலந்தின் மன்னர் பாத்தரி மீட்டார். அப்புறம் ரஷ்ய மன்னர் பீட்டரின் படை சோஃபியா தேவாலயத்தை வெடிமருந்துக் கிடங்காக்கியது. 1710-இல் அது வெடித்துச் சிதறியது. இப்போது நிற்பது 18-ஆம் நூற்றாண்டில் பரோக் பாணியில் எழுப்பிய கட்டடம். பழைய சுவர்களின் மிச்சத்தை அதன் அடியில் இன்றும் பார்க்கலாம். 1772-இல் ரஷ்யப் பேரரசி கேத்தரின் ஊரைத் தன் பேரரசோடு சேர்த்தாள்.

யாருடையது என்ற கேள்விக்கு ஊரிலேயே ஒரு பதில் எழுதப்பட்டிருந்தது. வ்செஸ்லாவின் பேத்தியான துறவி எவ்ஃப்ரோசினியா, லாசர் போக்ஷா என்ற பொற்கொல்லரைக் கொண்டு 1161-இல் ஒரு சிலுவை செய்வித்தார். இதை மடத்தைவிட்டு எடுத்துப் போகிறவர் சபிக்கப்படுவார் என்று அதிலேயே பொறித்து வைத்தார். அந்தச் சிலுவை 1941-இல், போர்க் குழப்பத்தில், மொகிலேவ் நகரத்திலிருந்து காணாமல் போனது. இன்னும் கிடைக்கவில்லை.