பழி ஃப்ரீ மேல், தப்பு வேறெங்கோ: சி கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் சி மொழி பற்றி நிறையக் கேட்டிருந்தார்கள். அதில் பைட்டுகளை நகலெடுக்கும்போது ஹீப் (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) கெட்டுப்போவது பற்றிய கேள்விகளை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: அக்கா, பால் சங்கத்துக்கு உறுப்பினர் பதிவு புரோகிராம் எழுதினேன். ஊர்ப் பெயருக்கு மாலாக்கில் ஹீப்பிடம் 40 பைட் இடம் வாங்கி, ஸ்டிரிங்காப்பியால் பெயரை அதில் நகலெடுக்கிறேன். ஆங்கிலத்தில் பெயர் போட்டவரை நன்றாக ஓடியது. தமிழில் நம் ஊர்ப் பெயரைப் போட்டதும் வேறொரு பாயின்டரை (நினைவக முகவரியை) ஃப்ரீ செய்து இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரியில் 'மன்மேப் சங்க், இன்வேலிட் பாயின்டர்' என்று செத்துவிடுகிறது. அந்த வரியில் தப்பே இல்லையே?

இல்லைதான், ஃப்ரீ நிரபராதி. ஊர்ப் பெயரை எண்ணிப் பாருங்கள். நம் கண்ணுக்கு 7 எழுத்து. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் எழுத்து தனி, புள்ளியும் கால் கொம்பும் தனி. ஆக 14 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட். மலையாளத்துக்கும் இதே 3 பைட் கணக்குதான். மொத்தம் 42, பெயர் முடிந்ததைக் காட்டும் முடிவுச் சுழியம் சேர்த்து 43. நீங்கள் வாங்கியதோ 40.

மிச்ச 3 பைட் எங்கே போய் விழுந்தது என்பதுதான் சுவாரசியம். 64 பிட் லினக்ஸில், மாலாக்கைத் தரும் ஜிலிப்சி நூலகம் கொடுக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் 8 பைட்டில் அதன் அளவை எழுதி வைக்கிறது. 40 கேட்டால் சரியாக 40தான், உபரி கிடையாது. எனவே 'றை'யின் ஐகாரக் குறியில் கடைசி இரண்டு பைட்டும் சுழியமும் பக்கத்துத் துண்டின் அளவின் மேல் ஏறிவிட்டன. அந்தத் துண்டு தன்னை 35 ஆயிரம் பைட் என்று சொல்லிக்கொள்கிறது! அந்த எண்ணின் கடைசி 3 பிட்டுகள் கொடிகள். அதில் ஒன்று 'இது எம்மேப் மூலம் (இயங்குதளத்திடம் நேரடியாகக் கேட்டு) வந்த இடம்' என்று பொருள்படும். அதுவும் 1 ஆகிவிட்டது. ஃப்ரீ அதை நம்பிப் போய் முட்டிக்கொள்கிறது. வரப்பை வெட்டியது ஒரு நாள், சர்வேயர் சங்கிலியோடு வந்தது வேறொரு நாள்.

இப்படிச் செத்ததே நல்லது என்பேன். மாலாக்கில் 20 கேட்டிருந்தால் 24 கொடுத்திருக்கும். அதில் 22 எழுதினால் மாதக்கணக்கில் சத்தமே வராது.

வேலந்தாவளத்திலிருந்து: வெட்டிய இடத்திலேயே கையும் களவுமாகப் பிடிக்க வழி உண்டா அக்கா?

உண்டு. ஜிசிசி, க்ளாங் கம்பைலர்கள் இரண்டிலும் அட்ரஸ் சானிடைசர் என்ற சோதனை வசதி இருக்கிறது. அதைச் சேர்த்து, டீபக் தகவலோடு கம்பைல் செய்யுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இரு பக்கமும் அது கொஞ்சம் புறம்போக்கு விட்டுவைக்கும். அங்கே கால் வைத்த நொடியிலேயே புரோகிராமை நிறுத்தி, எழுதிய வரி எது, அந்த இடத்தை மாலாக் செய்த வரி எது என்று இரண்டையும் காட்டும். வேகம் சுமார் பாதியாகும். கையில் சோர்ஸ் இல்லை, பைனரி மட்டும்தான் என்றால் வால்கிரிண்ட் என்ற கருவி. ஆனால் 20, 30 மடங்கு மெதுவாக ஓடும், போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

நம் எல்லையில் வீட்டையும் பேச்சையும் வைத்து எது கேரளம், எது தமிழ்நாடு என்று சொல்ல முடியாது, பலகையைப் பார்த்தால்தான் தெரியும். ஹீப்பில் அந்தப் பலகைகூடக் கிடையாது. நாம்தான் நட வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்தே: அப்போ இத்தனை பைட்தான் என்று சொல்லி நகலெடுக்கும் ஸ்டிரிங்என்காப்பி போட்டு 39இல் நிறுத்திவிட்டால் போதுமா?

ஹீப் பிழைக்கும், ஊர் பிழைக்காது: 'கொழிஞ்சாம்பாற' என்று அச்சாகும். அதோடு, நிரம்பிவிட்டால் அது சுழியம் போடாது, நீங்கள்தான் போட வேண்டும். வெட்டாதீர்கள். பெயரின் பைட்டுகளை எண்ணித் தரும் ஸ்டிரிங்லென்னோடு 1 கூட்டி அந்த அளவுக்கு மாலாக் செய்யுங்கள்.

சித்தூரிலிருந்து: சேச்சி, சானிடைசர் ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் பெயர் நீளமானால் பக்கத்திலிருக்கும் லிட்டர் கணக்கு மாறிவிடுகிறது.

இரண்டும் ஒரே ஸ்டிரக்டில் (பல தகவலைச் சேர்த்துக் கட்டிய ஒரே தொகுப்பில்) இருக்கின்றன, சரிதானே? ஒரே பட்டாவுக்குள் நடக்கும் தகராறு அதன் கண்ணில் படாது. ஃபார்ட்டிஃபை சோர்ஸ் என்ற கம்பைலர் பாதுகாப்பை 2இல் வைத்து, ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால் ஸ்டிரிங்காப்பி பிடிபட வாய்ப்புண்டு. பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பிக்கு அது முழு ஸ்டிரக்டின் அளவைத்தான் பார்க்கும், எனவே அதை நம்ப வேண்டாம். அளவை நீங்களே சரிபாருங்கள்.

மீனாட்சிபுரத்திலிருந்து: எல்லை தாண்டிப் படித்தால்? எழுதவில்லையே, எதுவும் கெடாதே?

கெடாது, கசியும். 2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை அதுதான். எதிராளி சொன்ன நீளத்தை, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகம் சரிபார்க்காமல் மெம்காப்பிக்குக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் 64 கேபி வரை பக்கத்து நினைவகம் வெளியே போனது, கடவுச்சொற்கள்கூட அதில் இருக்கலாம்.

அவரே: தரவைப் படிக்கும் ரீட் எப்போதாவது பிழையென்று -1 தருகிறது, அதை நீளமாகக் கொடுத்த உடனே மெம்காப்பி சாகிறது.

மெம்காப்பிக்கு மைனஸ் தெரியாது. -1 அங்கே மிகப் பெரிய எண்ணாகிவிடும். முதலில் சுழியத்தைவிடச் சிறிதா என்று பாருங்கள், அப்புறம் நகலெடுங்கள்.